பிளிட்ஸ் (அதிவேகச் சதுரங்கம்) ஆட்டத்தில் முதலில் எதைப் பார்ப்பது?

கேள்வி (சிங்கப்பூர் ஈசூனிலிருந்து, தொடக்கநிலை 5 மாணவியின் அம்மா): அக்கா, 2024 டிசம்பரில் நியூயார்க்கில் நடந்த பெண்கள் உலக பிளிட்ஸ் போட்டியில் இந்திய வீராங்கனை வைஷாலி ஆடிய ஓர் ஆட்டத்தை மகள் மனப்பாடமே செய்துவிட்டாள். ஆனால் பள்ளிப் போட்டியில் எட்டாவது நகர்த்தலுக்குள் தடுமாறுகிறாள். எங்கே தப்பு?

பதில்: மனப்பாடம்தான் தப்பு. எதிரே உட்காரும் பிள்ளை அந்த ஆட்டத்தைப் படிக்கவில்லையே!

நான் முதலில் பார்ப்பது கடிகாரத்தை. அந்தப் போட்டியில் ஆளுக்கு 3 நிமிடம், நகர்த்தலுக்கு 2 விநாடி கூடுதல். நேரலைப் பதிவில் மீதி நேரமும் இருக்கும். பத்து நகர்த்தல் முடிந்து 3:10 இருந்தால், பத்துக்கும் சேர்த்து 10 விநாடிதான் செலவு. அத்தனையும் வீட்டுப்பாடம். பதினொன்றாவது முடிந்ததும் 2:27 என்று இறங்கினால், அந்த ஒன்றுக்கு மட்டும் 45 விநாடி போயிருக்கிறது. தெரிந்தது தீர்ந்து, சொந்த யோசனை தொடங்கிய இடம் பெரும்பாலும் அதுதான்.

அங்கே நிறுத்துங்கள். அடுத்த நகர்த்தலை மறைத்துவிட்டு மகளிடம் கேளுங்கள்: எந்தக் காய் இன்னும் வெளியே வரவில்லை? எந்தச் சிப்பாயைத் தள்ளினால் நடுப்பகுதி திறக்கும்? ஒரு நகர்த்தலைத் தாளில் எழுதிய பிறகு திறக்கட்டும். வைஷாலி வேறு ஆடியிருந்தால் பரவாயில்லை. தன் நகர்த்தலுக்குக் காரணம் சொல்லத் தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள்.

கேள்வி (ஜூரோங்): இஞ்சினை (சிறந்த நகர்த்தலைச் சொல்லும் கணினி நிரலை) போட்டுப் பார்த்தால் போதாதா?

பதில்: கடைசியில் போடுங்க தம்பி. விடையை முதலிலேயே பார்த்தவன் கணக்குப் போடமாட்டான்.

கேள்வி (தோ பாயோ): ஏம்மா, எனக்கு அறுபத்தெட்டு வயசு. கறுப்புக் காய் கிடைத்தால் காரோ-கான் என்ற ஓப்பனிங்தான் (தொடக்க நகர்த்தல் முறை) ஆடுவேன். புளோக்குக்குக் கீழே பேத்தி வயசுப் பிள்ளை ஆறே நகர்த்தலில் ராஜாவை மடக்கி மேட் வைத்துவிட்டாள்!

பதில்: ஐயா, ஆட்டத்தைச் சொல்லாமலே ஊகிக்கிறேன். வெள்ளை இ4, டி4 கட்டங்களில் சிப்பாய், சி3-இல் குதிரை. நீங்கள் சி6, டி5-இல் சிப்பாய், பிறகு இ4 சிப்பாயை வெட்டினீர்கள். குதிரை திருப்பி வெட்டியது. நீங்கள் குதிரையை டி7-இல் வைத்தீர்கள். அவள் ராணியை இ2-க்குக் கொண்டுவந்தாள். அந்த ராணி சும்மா வரவில்லை. நீங்கள் ஜி8 குதிரையை எஃப்6-க்கு எடுக்க, அவள் குதிரை டி6-இல் இறங்கி மேட். ராணி இ வரிசையில் குறிவைப்பதால் இ7 சிப்பாய் அதை வெட்ட முடியாது. ராஜா தன் காய்களுக்கு நடுவிலேயே அடைபட்டுவிட்டார். டி7 குதிரையையே எஃப்6-க்கு எடுத்திருந்தால் உங்கள் ராணிக்கு வழி திறந்து, டி6-ஐக் காத்திருக்கும்.

இது கை வேகத்தில் போன நகர்த்தல். பிளிட்ஸில் நானும் இதே மாதிரி வாங்கியிருக்கிறேன், அதுவும் மாணவர்கள் முன்னால்.

கேள்வி (பல்கலைக்கழக மாணவர்): முன்னாள் உலகச் சாம்பியன் கார்ல்சன் இருக்க, பெண்கள் ஆட்டம் எதற்கு?

பதில்: வைஷாலி 2023-இல் கிராண்ட்மாஸ்டர் ஆனவர்; ஹம்பி, ஹரிகாவுக்கு அடுத்து மூன்றாவது இந்தியப் பெண். நியூயார்க் தகுதிச் சுற்றில் 11 ஆட்டத்தில் 9.5 புள்ளி எடுத்து முதலிடம். அரையிறுதியில்தான் சீனாவின் ஜூ வென்ஜுனிடம் தோற்றார். இவரிடம் கற்க உங்களுக்கு ஒன்றுமில்லை என்றால், முதலில் உங்கள் ரேட்டிங்கைச் சொல்லுங்கள்!

கேள்வி (உட்லண்ட்ஸ்): வாரத்துக்கு எத்தனை ஆட்டம் படிக்கலாம் அக்கா?

பதில்: ஒன்று. நீங்கள் ஆடும் ஓப்பனிங்காக இருக்கட்டும்.