பாடினால் சட்டம் மாறுமா? – கடிதம்

அன்புள்ள சார்,

தாலிபான் சட்டத்தை எதிர்த்து ஆப்கன் பெண்கள் பாடிப் பதிவிட்ட வீடியோக்களைப் பார்த்தேன். மனசு கனத்துப்போனது. ஆனால் இதனால் தாலிபான் ஒரு சட்டத்தையாவது மாற்றுமா? தெருவில் இறங்காமல் போனில் போராடுவது வெறும் ஆறுதல்தானே? எல்லாமே மேற்கத்தியத் தூண்டுதல் என்றும் சொல்கிறார்களே? ஒரு சுட்டி இணைத்திருக்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

‘தெருவில் இறங்காமல்’ என்று எப்படி எழுத மனம் வந்தது? 2021 ஆகஸ்டில் தாலிபான்களிடம் காபூல் விழுந்த சில நாட்களிலேயே தெருவுக்கு வந்தவர்கள் இந்தப் பெண்கள்தான். ‘ரொட்டி, வேலை, விடுதலை’ என்று கோஷம் போட்டுச் சவுக்கடி வாங்கினார்கள். 2022 ஜனவரியில் போராட்டக்காரர்களில் ஒருவரான தமனா ஸர்யாப் பர்யானி, தாலிபான்கள் வீட்டு வாசலில் நிற்கிறார்கள் என்று கதறிய வீடியோ வெளியானது; அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். தெருவை அடைத்த பிறகுதான் பலரும் முகத்தை மறைத்துக்கொண்டு, அறைக்குள், கோஷம் எழுதிய ஒரு தாளோடு நின்றார்கள்.

மேற்கத்தியத் தூண்டுதல்... விடுங்கள், அதற்குப் பதில் எழுதும் பொறுமை எனக்கில்லை.

சட்டம் மாறுமா என்கிறீர்கள். சில நாட்களாக நான் நினைத்துக்கொண்டிருப்பதே அதைத்தான். அங்கே பெண்ணின் பெயரை வெளியில் சொல்வதே பல குடும்பங்களில் மானக்கேடு. கல்யாணப் பத்திரிகையில் மணமகள் பெயர் இருக்காது. கல்லறையிலும் பெயர் இருக்காது. காய்ச்சலுக்குப் போன இடத்தில் டாக்டரிடம் பெயரைச் சொன்னதற்காகக் கணவனிடம் அடிபட்ட பெண்ணைப் பற்றி 2020-ல் செய்தி வந்தது. பிள்ளையின் அடையாள அட்டையில் அப்பா பெயர் மட்டும்தான் இருந்தது. கணவனை இழந்தவள், விவாகரத்தானவள் எல்லாம் பிள்ளைக்கு ஒரு பாஸ்போர்ட் எடுக்க அலைய வேண்டியிருந்தது. இதை எதிர்த்து 2017-ல் ஹெராத்தைச் சேர்ந்த லாலே உஸ்மானி தொடங்கியதுதான் ‘என் பெயர் எங்கே’. நீங்கள் இளக்காரமாகப் பார்க்கும் அதே போன் போராட்டம்தான், ஒரு ஹேஷ்டேக். திட்டினார்கள், மிரட்டினார்கள். 2020 செப்டம்பரில் அடையாள அட்டையில் அம்மா பெயரையும் சேர்க்கும் திருத்தத்தில் அன்றைய அதிபர் அஷ்ரஃப் கனி கையெழுத்துப் போட்டார்.

அப்போது கையெழுத்துப் போட ஓர் அரசாங்கம் இருந்தது, சரி. இப்போது இருப்பவர்கள் 2024 ஆகஸ்டில் பெண்ணின் குரலையே மறைக்க வேண்டியது என்று சட்டம் போட்டவர்கள். பாடினால் அவர்கள் மசிய மாட்டார்கள் என்பது அந்தப் பெண்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் பாடினார்கள்.

அப்புறம், நீங்கள் அனுப்பிய சுட்டியை இங்கே போடவில்லை. அந்தப் பெண்ணின் முகமும் ஜன்னலுக்கு வெளியே தெருவும் தெளிவாகத் தெரிகின்றன. நீங்களும் யாருக்கும் அனுப்பாதீர்கள்.