கேளுங்க சிஸ்டர்: “எத்தனை மணிக்கு வலி வந்துச்சு?”

கேள்வி: சிஸ்டர், என் வீட்டுக்காரருக்கு 52 வயது. காசிமேட்டில் மீன்பிடிப் படகு இன்ஜின் மெக்கானிக். ஒரே பையன், அவனுக்கும் அதே வேலைதான். மீன்பிடித் தடைக்காலத்தில் ஒரு ராத்திரி 9 மணிக்குச் சாப்பிடும்போது, நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கு என்றார். வாயு என்று நினைத்து சோடா வாங்கிக் கொடுத்தேன். 2 மணிக்கு வேர்த்துக் கொட்டியது. ஆட்டோவில் கொண்டுபோனோம், முக்கால் மணி நேரத்தில் போய்விட்டார். அதற்குப் பிறகும் டாக்டர், “எத்தனை மணிக்கு வலி வந்துச்சு? குடிப்பாரா? கீழே விழுந்தாரா?” என்று விடவில்லை. பக்கத்தில் மாமியார். “இங்கே வருவதற்கு அரை மணி நேரம் முன்னாடிதான்” என்று சொல்லிவிட்டேன். மூன்று மாதமாகத் தூக்கம் இல்லை. பொய் சொன்னதற்குக் கேஸ் எதுவும் வருமா?
- பெயர் வேண்டாம், காசிமேடு

பதில்: அதற்காக யாரும் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டப் போவதில்லைம்மா.

உயிர் போன பிறகு என்னத்துக்கு இத்தனை கேள்வி என்று யாருக்கும் எரிச்சல் வரும். அந்த டாக்டர் கையில், இறப்புக்கான காரணத்தை எழுதும் படிவம் 4 இருந்திருக்கும். ‘இதயம் நின்றதால் இறந்தார்’ என்று மட்டும் அதில் எழுதினால் ஆகாது. கடைசியில் எல்லோருக்கும் நிற்கத்தானே செய்யும்? எதனால் நின்றது, அதற்கு அடியில் சர்க்கரையா, பிரஷரா என்று படிப்படியாக எழுத வேண்டும். பக்கத்திலேயே, நோய் தொடங்கி எவ்வளவு நேரத்தில் இறந்தார் என்று ஒரு கட்டம். உங்களிடம் மணி கேட்டது அதற்கு. விழுந்தாரா என்பது வேறு கணக்கு. சந்தேகம் இருந்தால் போலீசுக்குச் சொல்ல வேண்டும், போஸ்ட்மார்ட்டம் வரும்.

ஆனால் கேட்ட விதம் தப்பு. மாமியாரைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லி, உங்களை உட்காரவைத்துக் கேட்டிருக்கலாம். (அடுத்த ஸ்ட்ரெச்சர் வாசலில் நிற்கும்போது நானும் நின்றபடியே கேட்டவள்தான்.) என் அப்பா பழைய வண்ணாரப்பேட்டை வீட்டில் மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரியில் இறந்தபோது, “என்ன மாத்திரை சாப்பிட்டார்?” என்று ஒரு சின்னப் பையன் டாக்டர் கேட்டான். 31 வருஷ நர்ஸ், வாயே வரவில்லை. தம்பி மஞ்சப்பையோடு கொண்டுவந்திருந்த பிஸ்கட் டப்பாவை மேஜைமேல் கவிழ்த்தேன். பாதி மாத்திரை அட்டைகள் பிரிக்கவே இல்லை.

மாநகராட்சி தரும் இறப்புச் சான்றிதழில் காரணம் இருக்காது. பதிவேட்டில் இருந்தாலும் நகலில் காட்டக் கூடாது என்பது சட்டம். தைரியமாக மாமியார் கையில் கொடுங்கள்.

9 மணிக்கே போயிருந்தால்? வாய்ப்பு கூடியிருக்கும். பிழைத்திருப்பார் என்று என்னால் சொல்ல முடியாது, உங்களைத் தேற்றுவதற்காக வேறு மாதிரி சொல்லவும் மாட்டேன். சிகிச்சைப் பதிவுகளின் நகலை எழுதிக் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் டாக்டர் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த இசிஜி தாளோடு ஒரு இதய டாக்டரிடம் போய் உட்காருங்கள். இந்தத் தடவை கேள்வி கேட்பது நீங்கள்.

போகும்போது பையனையும் கூட்டிப் போங்கள். அப்பாவுக்கு 52-இல் வந்திருக்கிறது, அவனுக்குப் பிரஷர், சர்க்கரை, கொழுப்பு மூன்றும் பார்க்க வேண்டும். அங்கேயும் கேட்பார்கள், “அப்பாவுக்கு எத்தனை மணிக்கு வலி வந்துச்சு?” என்று. 9 மணி என்று சொல்லுங்கள்.