பிடிபிடிஎன் கடனை மட்டும் நம்பித் தனியார் கல்லூரியில் சேரலாமா?

கேள்வி: எஸ்பிஎம் (மலேசியாவின் ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்துவிட்டேன். வீடு பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள பட்டர்வொர்த். அப்பா லாரி ஓட்டுகிறார், குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசு தரும் எஸ்டிஆர் உதவித்தொகை வாங்கும் குடும்பம். ஜார்ஜ்டவுனில் ஒரு தனியார் கல்லூரியில் கணக்கியல் டிப்ளோமாவுக்கு இடம் கிடைத்திருக்கிறது. பிடிபிடிஎன் (அரசின் உயர்கல்விக் கடன்) எடுத்து, சனி ஞாயிறு வேலைக்கும் போனால் சமாளித்துவிடலாம் என்று கல்லூரி ஆலோசகர் அக்கா சொல்கிறார். உண்மையா?

பதில்:

தங்கச்சி, அந்த அக்கா சொன்னதில் பாதி உண்மை. கடன் கிடைக்கும், வார இறுதி வேலையும் கிடைக்கும். பணம் எந்தத் தேதியில் கைக்கு வரும் என்பதை மட்டும் அவர் சொல்லியிருக்க மாட்டார். சிக்கலே அங்கேதான்.

நானும் உங்கள் கரைக்காரன்தான். பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறித் தீவுக்குப் போய்ப் படித்தவன். இப்போது பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். அதனால் எதைப் பார்த்தாலும் முதலில் தேதியைத்தான் பார்ப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடனைப் பற்றிப் பேசும் முன் ஒன்றைக் கேட்டுவிடுகிறேன். அரசு உயர்கல்விக் கூடங்களுக்கான யுபியூ சேர்க்கை வழியாக விண்ணப்பித்தீர்களா? பொலிடெக்னிக் டிப்ளோமாவுக்குக் கட்டணம் ஒரு செமஸ்டருக்கு 200 வெள்ளி (ரிங்கிட்). 200 வெள்ளிதான், பூஜ்யம் எதுவும் விட்டுப்போகவில்லை. உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் பெர்மாத்தாங் பாவிலேயே செபராங் பிறை பொலிடெக்னிக் இருக்கிறது. படிவம் 6 படித்து எஸ்டிபிஎம் எழுதினால் அரசுப் பல்கலைக்கழகக் கதவு திறக்கும், கல்விச் செலவும் மிகக் குறைவு. நம் வீடுகளில் இந்த இரண்டையும் ஏனோ இளக்காரமாகப் பார்க்கிறார்கள். "படிவம் 6 ரொம்பக் கஷ்டமாம்", "பொலிடெக்னிக் பையன்கள் போகிற இடம்" என்று யாராவது ஒரு மாமா சொல்லிவிடுவார். அந்த மாமா கட்டணம் கட்டப்போவதில்லை. தனியாரில்தான் படிக்க வேண்டும் என்றால், தஞ்சோங் பூங்காவில் துங்கு அப்துல் ரஹ்மான் மேலாண்மை தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் (TAR UMT) கிளை இருக்கிறது. மற்ற தனியார் கல்லூரிகளை விடக் கட்டணம் குறைவு, தேர்ச்சியைப் பொறுத்துக் கழிவும் தருகிறார்கள். அதையும் விசாரித்துவிட்டு முடிவெடுங்கள்.

சரி, அந்தக் கல்லூரிதான் என்றே வைத்துக்கொள்வோம்.

முதலில் கட்டணத் தாளை வாங்கி மேசையில் விரித்து வையுங்கள். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது படிப்புக் கட்டணம் மட்டும். கீழே பதிவுக் கட்டணம், ரிசோர்ஸ் கட்டணம், தேர்வுக் கட்டணம், வைப்புத்தொகை என்று வரிசையாக வரும். அதில் எது ஒரே முறை, எது ஒவ்வொரு செமஸ்டரும் என்று பென்சிலால் குறியுங்கள். "50 விழுக்காடு உபகாரச் சம்பளம்" என்று கொடுத்திருந்தால், பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். அது காட்டும் அடிக்குறிப்பைத் தேடிப் படியுங்கள். சிஜிபிஏ (எல்லா செமஸ்டர்களின் சராசரித் தரப்புள்ளி) குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் சலுகை ரத்து என்று இருக்கும். கணக்கியலில் முதல் செமஸ்டரில் சறுக்குவது சர்வ சாதாரணம். ஆகவே அந்தச் சலுகை இல்லாவிட்டாலும் கட்ட முடியுமா என்று முழுத் தொகைக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்னொன்று, அந்தப் படிப்பு, படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் எம்கியூஏ அமைப்பின் பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்தில் நீங்களே தேடுங்கள். கல்லூரியின் பெயர் இருந்தால் போதாது, உங்கள் படிப்பின் பெயர் இருக்க வேண்டும். அங்கீகாரம் இல்லாத படிப்புக்குப் பிடிபிடிஎன் கடன் தராது.

இனி பிடிபிடிஎன் நடைமுறை. முதலில் உங்கள் பெயரில் ஓர் எஸ்எஸ்பிஎன் சேமிப்புக் கணக்கு வேண்டும். எஸ்டிஆர் பெறும் குடும்பம் என்பதால் உச்ச அளவுக்குத் தகுதி பெறுவீர்கள். ஆனால் அந்த உச்ச அளவு அவர்கள் படிப்பு நிலைக்கு நிர்ணயித்த தொகை. உங்கள் கல்லூரியின் கட்டணத்தைப் பார்த்து நிர்ணயித்தது அல்ல. பல தனியார் கல்லூரிகளில் இரண்டுக்கும் இடையே ஓட்டை விழும். அதை யார் அடைப்பது என்பதுதான் உங்கள் வீட்டில் இன்றிரவே பேச வேண்டிய விஷயம்.

தனியார் கல்லூரி என்றால் கடன் பணம் முதலில் கட்டணத்துக்குப் போகும், மீதி இருந்தால்தான் உங்கள் கணக்குக்கு வரும். அதுவும் வகுப்பு தொடங்கிய அன்று வராது. விண்ணப்பம், ஒப்பந்தக் கையெழுத்து, நீங்கள் அங்கே படிப்பதைக் கல்லூரி உறுதிப்படுத்துவது என்று ஒன்றன்பின் ஒன்றாக நடந்து முடிய வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் கல்லூரி கட்டணம் கேட்கும். நான் படித்த கல்லூரியில் கடன் வந்து சேராதவர்களுக்குத் தேர்வு நுழைவுச்சீட்டைத் தராமல் நிறுத்தி வைத்தார்கள். நிதிப் பிரிவு கவுண்டரில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தச் சீட்டு அடுக்கி வைத்திருக்கும். பெயர் தெரியும், கைக்கு வராது. என் வகுப்புத் தோழி ஒருத்தியின் அம்மா சங்கிலியை அடகு வைத்துத்தான் அதை வாங்கிக் கொடுத்தார். அடகு வைத்தே தீர வேண்டும் என்ற நிலை வந்தால் இஸ்லாமிய முறை அடகுக் கடையான அர்-ராஹ்னு பக்கம் போய்ப் பாருங்கள். முஸ்லிம் அல்லாதவர்களும் போகலாம், செலவும் பெரும்பாலும் குறைவு. அலோங் (உரிமமில்லாத வட்டிக்காரர்) எண்ணை மட்டும் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

இதைத் தவிர்க்க ஒரு வழி இருக்கிறது. பதிவுக் கட்டணம் கட்டும் முன்பே நிதிப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள்: "பிடிபிடிஎன் பணம் வரும் வரை கட்டணத்தைத் தள்ளிவைப்பீர்களா? அதுவரை தேர்வு எழுத விடுவீர்களா? தாமதக் கட்டணம் உண்டா?" ஆலோசகரிடம் வாயால் கேட்பதில் பயனில்லை. எழுத்தில் பதில் வரட்டும். வராவிட்டால் அதுவே ஒரு பதில்தான்.

ஓட்டையை அடைக்க நம் ஆட்கள் மறந்துவிடும் ஒரு வழி அப்பாவின் சேமநிதி. அவருக்கு இபிஎப் இருந்தால், பிள்ளையின் டிப்ளோமா கட்டணத்துக்கு அதிலிருந்து எடுக்கலாம். 2024 மே மாதம் முதல் கணக்கு மூன்றாகப் பிரிந்திருக்கிறது. கல்விக்கு எடுப்பது செஜாத்தெரா கணக்கிலிருந்து. அப்பா தயங்குவார். தயங்கட்டும், அது அவருடைய வயதான காலத்துப் பணம். முழுவதையும் கேட்காமல், முதல் செமஸ்டருக்கு இடிக்கும் தொகையை மட்டும் கேளுங்கள். லாரிக்காரர்கள் பலருக்கு முதலாளி இபிஎப் கட்டுவதே இல்லை. அப்படியானால் இந்த வழி இல்லை, அடுத்ததைப் பாருங்கள்.

பினாங்கு இந்து அறப்பணி வாரியம் இந்திய மாணவர்களுக்குக் கல்வி உதவி வழங்கி வருகிறது. 1984இல் ம.இ.கா. தொடங்கிய எம்ஐஇடி கல்வி அமைப்பு கல்விக் கடன் தருகிறது. இந்தியர் மேம்பாட்டுக்கான அரசுப் பிரிவான மித்ராவும் அவ்வப்போது மாணவர்களுக்கான திட்டங்களை அறிவிக்கும். எதையும் வரவேண்டிய பணமாகக் கணக்கில் எழுதாதீர்கள், வந்தால் போனஸ். ஆனால் விண்ணப்பிக்காமல் விடாதீர்கள். நம் பிள்ளைகள் பலருக்குத் தகுதி இருந்தும் பணம் வராததற்குக் காரணம் கடைசி நாளில் தாள்களைத் தேடி ஓடுவதுதான். அப்பாவின் சம்பளச் சீட்டு, எஸ்டிஆர் அத்தாட்சி, பிறப்புச் சான்றிதழ், எஸ்பிஎம் முடிவு, அடையாள அட்டை எல்லாவற்றையும் உறுதிப்படுத்திய நகலாக ஐந்தாறு செட் எடுத்து ஒரே ஃபைலில் வைத்துவிடுங்கள். சம்பளச் சீட்டு இல்லாவிட்டால் வருமானத்துக்கு எந்தக் கடிதத்தை ஏற்பார்கள் என்று இப்போதே கேட்டு வாங்கி வையுங்கள். அதுதான் எப்போதும் இழுக்கும்.

வேலைக்கு வருவோம். 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தின்படி மணிக்கு 8.72 வெள்ளி. சனி ஞாயிறு எட்டெட்டு மணி நேரம் செய்தால் வாரத்துக்கு ஏறக்குறைய 140 வெள்ளி, மாதத்துக்கு ஏறக்குறைய 560. சாப்பாடு, ஃபெரி, பஸ், போன் பில் இதில் அடங்கிவிடும். தீவில் அறை எடுத்தால் அடங்காது. நீங்கள் பட்டர்வொர்த்தில் இருப்பதே பெரிய சேமிப்பு. தினமும் அலைய வேண்டுமே என்று தோழிகளோடு அறை எடுக்க ஆசை வரும், முதல் வருடமாவது தள்ளிப்போடுங்கள். ரேப்பிட் பினாங்கு பஸ்ஸுக்கு மாதப் பாஸ் இருக்கிறது, ஜார்ஜ்டவுனுக்குள் கேட் பஸ் இலவசம். கட்டணத்தையும் வேலை செய்தே கட்டிவிடலாம் என்று யார் சொன்னாலும் மேலே உள்ள 560ஐ ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். தேர்வு நேரத்தில் அதுவும் பாதியாகும்.

வேலை எதுவாக இருந்தாலும் கடை மூடும் வரை நிற்கும் ஷிப்ட் வேண்டாம். கடைசி ஃபெரியைத் தவறவிட்டால் அன்றைய சம்பளம் கிராப் வாடகைக் காருக்குப் போய்விடும்.

கடனில் மீதி இருந்து உங்கள் கணக்குக்கு மொத்தமாக வரும்போது கவனம். தொகையைப் பார்த்ததும் நாம் பணக்காரர் போலத் தோன்றும். அதுவும் தீபாவளி மாதத்தில் வந்தால் கேட்கவே வேண்டாம். வந்த அன்றே வேறொரு வங்கிக் கணக்குக்கு மாற்றிவிட்டு, திங்கட்கிழமைதோறும் வாரச் செலவு மட்டும் உங்கள் அட்டைக்கு வருகிற மாதிரித் தானியங்கி மாற்றம் போட்டுவிடுங்கள். மாதத்துக்கு ஒருமுறை என்று வைத்தால் மூன்றாவது வாரம் மெகி மீதான் சாப்பிட வேண்டியிருக்கும். செல்பேசியில் "இப்போது வாங்கு, பிறகு கட்டு" என்று காட்டும் பொத்தானை அணைத்து வையுங்கள். மடிக்கணினி வாங்க வேண்டுமென்றால் பழையது ஒன்றே போதும், டிப்ளோமா கணக்கியலுக்கு எக்செல் ஓடினால் சரி.

கடன் அளவைப் பற்றி ஒன்று. உச்ச அளவுக்குத் தகுதி என்பதற்காக முழுவதையும் எடுக்க வேண்டியதில்லை, குறைத்துக் கேட்கலாம். ஆண்டுக்கு 1 விழுக்காடு கட்டணம்தான் என்றாலும், டிப்ளோமாவுக்குப் பிறகு பட்டப்படிப்புக்கும் எடுத்தால் இரண்டும் சேரும். படிப்பு முடிந்து 12 மாதத்தில் திருப்பிக் கட்டத் தொடங்க வேண்டும், வேலை கிடைத்ததா என்று காத்திருக்க மாட்டார்கள். முதல் வகுப்பில் தேறினால் கடன் தள்ளுபடி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது பட்டப்படிப்புக்கு, நிபந்தனைகளோடு. டிப்ளோமாக் கடனை அதை நம்பி எடுக்காதீர்கள். சிஜிபிஏ 2.00க்குக் கீழே போனால் அடுத்த செமஸ்டர் பணம் நிற்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால், பொலிடெக்னிக் இடம் கிடைக்க வாய்ப்பிருந்தால் அதற்குக் காத்திருங்கள். இல்லையென்றால் நிதிப் பிரிவின் பதில் எழுத்தில் வந்த பிறகு சேருங்கள். "இந்த வெள்ளிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் இடம் போய்விடும்" என்று அந்த அக்கா வாட்சாப்பில் அனுப்புவார். தனியார் கல்லூரிகளில் வருடத்துக்குப் பல முறை சேர்க்கை நடக்கும். அடுத்த சேர்க்கைக்கும் அவரே உங்களை அழைப்பார்.