லத்தீன் ஜாஸில் பியானோ இருக்க, வைப்ரஃபோன் எதற்கு?

கியூபத் தாளங்களும் ஜாஸும் கலந்த லத்தீன் ஜாஸில் பியானோவும் டிரம்பெட்டும் இருக்கும்போது, வைப்ரஃபோனின் உலோகப் பட்டைகளைத் தட்டிக்கொண்டிருப்பவருக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. பல ஆண்டுகள் லத்தீன் ஜாஸ் கேட்டும் எனக்கே அது பிடிபடவில்லை. ஒரு கல்லூரியின் இசை வகுப்பறையில் நண்பர் ஒருவர் அந்தக் கருவியைத் தொடவிட்ட பிறகுதான் விளங்கியது.

நூல் சுற்றிய பந்துத் தலைக் குச்சியால் ஒரு தட்டுத் தட்டினேன். 'டக்' என்று பிறந்த இடத்திலேயே ஒலி செத்தது. நண்பர் சிரித்துக்கொண்டே கீழே காட்டினார். பியானோவில் இருப்பது போல அங்கே ஒரு மிதி இருந்தது. அதை மிதித்தால்தான் பட்டைகளை அமுக்கிக்கொண்டிருக்கும் ஃபெல்ட் விலகும். மிதித்துத் தட்டினேன். ஒலி எழுந்து நின்று, மெல்லக் கரைந்தது. பிறகு மோட்டாரைப் போட்டார். பட்டைகளின் அடியில் தொங்கும் குழாய்களின் வாயில் சிறு தகடுகள் சுழன்று மூடித் திறக்க, அதே ஒலி அலையலையாகத் துடித்தது. (கமகத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். சுருதி அசையாது, ஒலியின் அளவுதான் ஏறி இறங்கும்.)

கை செய்வது தாளக்காரனின் வேலை, வருவதோ பாட்டு. லத்தீன் ஜாஸில் வைப்ரஃபோனை முன்னால் கொண்டுவந்தவர்களைப் பாருங்கள்: டீட்டோ புவெந்தே டிம்பாலிஸ் என்ற இரட்டை உலோக டிரம் வாசித்துப் புகழ்பெற்றவர், கேல் ஜேடர் ஜாஸ் பியானோக்காரர் டேவ் புரூபெக்கிடம் டிரம்ஸ் வாசித்தவர். ஜாஸில் இதற்கு இடம் பிடித்துக்கொடுத்த லயனல் ஹாம்ப்டனும் டிரம்ஸ்காரர்தான். தாளக்காரர்கள் மெட்டுக்குள் நுழைந்த வாசல் இது என்பேன்.

ஜேடரின் கதையிலேயே உங்களுக்குப் பதில் இருக்கிறது. 1953இல் பியானோக்காரர் ஜார்ஜ் ஷியரிங்கின் குழுவில் சேர்ந்தார். அங்கே பியானோ, வைப்ரஃபோன், கிட்டார் மூன்றும் ஒரே மெட்டை ஒட்டி வாசிக்கும் பாணி. அந்தக் குழுவோடு நியூயார்க் போனவர் பல்லேடியம் நடன அரங்கில் மச்சீத்தோ, புவெந்தே ஆகியோரின் மாம்போ என்ற கியூப நடன இசையைக் கேட்டு அதில் விழுந்துவிட்டார். 1954இல் சான் பிரான்சிஸ்கோவில் சொந்தமாக ஒரு சிறு மாம்போ குழு தொடங்கினார். மச்சீத்தோவிடம் இருந்ததோ டிரம்பெட்டும் சாக்ஸஃபோனும் வரிசையாக நின்று அனல் கக்கும் பெரிய வாத்தியக் குழு. ஐந்து பேரை வைத்துக்கொண்டு அந்த அனலுக்கு எங்கே போவது? ஜேடர் போகவில்லை. ஊதுகருவிகளின் இடத்தில் வைப்ரஃபோனை வைத்து, சூட்டைக் குறைத்து, கையால் தட்டும் காங்கா டிரம்மையும் டிம்பாலிஸையும் காதுக்கு அருகே கொண்டுவந்தார்.

இது ஏன் பொருந்துகிறது? கிளாவே என்ற தாளக்கட்டில் இரண்டு சுற்றுக்கு ஐந்து தட்டுகள். அதைச் சுற்றித்தான் எல்லாரும் வாசிப்பார்கள். காங்கா, மணி, டிம்பாலிஸ் எல்லாம் சிறு சிறு துண்டுகளாக ஒலிக்கும். பியானோவும் மொந்துனோ என்ற, மறுபடி மறுபடி வரும் உடைந்த ஸ்வரக்கட்டைப் பிடித்துக்கொள்ளும். இவ்வளவு துண்டுகளின் மேல் விரிந்து படுக்க நீண்ட ஒலி ஒன்று வேண்டும். மிதியை அழுத்தினால் வைப்ரஃபோன் அதைத் தரும். விட்டுவிட்டால் அதுவும் இன்னொரு தாளக்கருவியாகி மொந்துனோவோடு சேர்ந்துகொள்ளும். டிரம்பெட்டால் தாளக்கருவியாக மாற முடியாது. காங்காவால் மெட்டை நீட்ட முடியாது.

நியூயார்க்கில் ஜோ கூபாவின் ஆறுபேர் குழுவும் ஊதுகருவி இல்லாமலே வைப்ரஃபோனை வைத்து மக்களை ஆடவைத்தது. அவர்களின் 1966ஆம் ஆண்டு 'பேங் பேங்' பாட்டைக் கேட்டால், கூச்சலும் கைத்தட்டலும் நிறைந்த ஒரு தெரு விருந்துக்குள் போய் நிற்பது போல இருக்கும். ஜேடரிடம் இந்தத் தெரு வாடை குறைவு. அவருடைய சில இசைத்தட்டுகள் ஹோட்டல் வரவேற்பறைக்குச் செய்தது போல எனக்குச் சலிப்பூட்டுவதும் உண்டு.

ஆனால் அவருடைய 'சோல் சாஸ்' அப்படியில்லை. டிரம்பெட்காரர் டிஸ்ஸி கில்லெஸ்பியும் காங்காக்காரர் சானோ போஸோவும் 'குவாராச்சி குவாரோ' என்ற பெயரில் உருவாக்கிய மெட்டு அது. முதலில் அதையே கேளுங்கள். முதல் தடவை வைப்ரஃபோனை விட்டுவிட்டுத் தாளத்தை மட்டும் பின்தொடருங்கள். இரண்டாம் தடவை, தட்டிய ஒலி எங்கே அறுபடுகிறது, எங்கே நீள்கிறது என்று பாருங்கள்; ஜேடரின் பாதம் கண்ணுக்குத் தெரியும். ஹெட்ஃபோனில் கேளுங்கள், கைபேசியின் ஸ்பீக்கரில் அந்த நுட்பமெல்லாம் காணாமல் போய்விடும்.