பெயர் தெரியாத பழைய விமானங்களைப் புகைப்படத்தை மட்டும் வைத்து எப்படி அடையாளம் காண்பது?

ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் கையில் இருக்கிறது, அதிலுள்ள விமானம் எது என்று தெரியவில்லை, இதையே பொழுதுபோக்காகச் செய்பவர்கள் எங்கிருந்து தொடங்குகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பல வருடங்களாக எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

‘இது எதைப் போல இருக்கிறது?’ என்ற கேள்வியை முதலில் ஒதுக்கி வையுங்கள். மேலும் கீழுமாக இரண்டு இறக்கை, முன்னால் ஓர் எஞ்சின், திறந்த இருக்கை இரண்டு என்ற அமைப்பில் 1920களிலும் 30களிலும் பல நாடுகளில் விமானம் செய்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும். ‘இது எதுவாக இருக்கவே முடியாது?’ என்று கேட்டுப் பாருங்கள். படத்தில் தெரியும் ஒவ்வொரு விவரமும் சில பெயர்களை அடித்துவிடும்.

நான் எப்போதும் எஞ்சினில் தொடங்குவேன். சிலிண்டர்கள் நட்சத்திரம் போல வெளியே தெரிந்தால் பொறுமையாக எண்ணுங்கள். ஒற்றை வரிசை ரேடியல் எஞ்சினில் 5, 7, 9 என்று ஒற்றைப்படையில்தான் வரும். நான்கு வீச்சு (ஃபோர் ஸ்ட்ரோக்) எஞ்சினில் ஒன்று விட்டு ஒன்றாகச் சீரான இடைவெளியில் எரிய அந்தக் கணக்கு தேவை. அமெரிக்காவின் கின்னர் கே-5க்கு ஐந்து, வார்னர் ஸ்கேரபுக்கு ஏழு, பிரிட்டனின் ப்ரிஸ்டல் ஜுபிடருக்கு ஒன்பது. எண்ணி முடித்தாலே பட்டியல் பாதியாகக் குறைந்துவிடும். புகைக்குழாய் எங்கே போகிறது என்றும் பாருங்கள். ப்ரிஸ்டலின் மெர்குரி, பெகாசஸ் எஞ்சின்களில் புகையைத் திரட்டும் வளையம் முன்பக்கத்தில் இருக்கும். சிலிண்டர்களைச் சுற்றி ஒடுக்கமான வளைய மூடி தெரிந்தால் அது டவுனெண்ட் வளையமாக இருக்கலாம். அது 1920களின் கடைசியில் வந்தது, ஆக படம் அதற்கு முந்தையது இல்லை. சில சமயம் எஞ்சின் மட்டுமே பெயரைத் தீர்மானிக்கும். நெளிநெளியான உலோகத் தகடு போர்த்திய யுங்கர்ஸ் டபிள்யூ 33, டபிள்யூ 34 இரண்டும் ஒரே குடும்பம். முன்னதில் சிலிண்டர்கள் நேர்வரிசையில் இருக்கும், பின்னதில் ரேடியல். ஆனால் நெளிதகட்டைப் பார்த்தவுடனே யுங்கர்ஸ் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஃபோர்டு ட்ரைமோட்டருக்கும் ரஷ்யாவின் பல டுபோலெவ் விமானங்களுக்கும் அதே தோல்தான்.

அடுத்து வால். என்னைக் கேட்டால் இறக்கையைவிட வாலைத்தான் நம்புவேன். ஒரு வடிவமைப்பாளர் எஞ்சினை மாற்றுவார், இருக்கையைக் கூட்டுவார், இறக்கையை நீட்டுவார். வாலின் வளைவு மட்டும் பெரும்பாலும் அப்படியே தொடரும். பிரிட்டனின் டி ஹேவிலண்ட் நிறுவனம் செய்த ‘மாத்’ வகை விமானங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் இது புரியும். 1932இல் வந்த ஃபாக்ஸ் மாத்தில் பயணிகள் முன்னால் மூடிய அறையில் இருப்பார்கள், விமானி அவர்களுக்குப் பின்னால் உயரத்தில் உட்கார்ந்திருப்பார். விசித்திரமான உருவம். ஆனாலும் வாலைப் பார்த்தால் சொந்தம் தெரிந்துவிடும், டைகர் மாத்தின் பாகங்கள் பலவற்றை எடுத்துத்தான் அதைச் செய்தார்கள்.

டைகர் மாத்தையும் அதன் மூத்ததான ஜிப்சி மாத்தையும் பிரிப்பது நல்ல பயிற்சி. ஜிப்சி மாத்தின் இறக்கைகள் நேராக இருக்கும். டைகர் மாத்தில் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். முன்னிருக்கையில் இருப்பவர் பாராசூட்டோடு வெளியேற வழி வேண்டும் என்பதால் மேலிறக்கையின் நடுப்பகுதியை முன்னால் தள்ளினார்கள். அதனால் கெட்ட சமநிலையைச் சரிசெய்ய இறக்கைகளைப் பின்னால் சாய்த்தார்கள். இப்படிக் காரணம் தெரிந்துவிட்டால் வேறுபாட்டை மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை. பெல்ஜியத்தின் ஸ்டாம்ப் எஸ்வி.4 இவற்றோடு அடிக்கடி குழம்பும். ஐலரான் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்க இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகை) எங்கே இருக்கிறது என்று பாருங்கள்: டைகர் மாத்தில் கீழிறக்கையில் மட்டும், ஸ்டாம்பில் மேலிறக்கை, கீழிறக்கை இரண்டிலும்.

விமானத்தைப் பார்க்கும் அளவுக்குப் படத்தையும் பார்க்க வேண்டும். பழைய ஆர்த்தோகுரோமாடிக் ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பு கறுப்பாகவும் நீலம் வெளிறியும் விழும், மஞ்சள்கூட இருண்டு போகும். முதல் உலகப் போர்ப் படங்களில் இது பெரிய உதவி. பிரிட்டிஷ் விமானத்தின் வட்டச் சின்னத்தில் நடுவில் சிவப்பு, வெளியே நீலம். பிரெஞ்சுச் சின்னத்தில் அப்படியே தலைகீழ். ஆக, அந்த ஃபிலிமில் நடுப்பொட்டு கறுப்பாக இருந்தால் பிரிட்டிஷ், வெளிவளையம் கறுப்பாக இருந்தால் பிரெஞ்சு. ஃபிலிம் வகை தெரியாமல் இந்த விதியைப் பிடித்துக்கொண்டால் நாடே மாறிவிடும்.

படம் இடம் வலம் மாறி அச்சாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். எழுத்து இல்லாத படத்தில், பக்கத்தில் நிற்கும் ஆண்களின் கோட்டைக் கவனித்தால் போதும். கோட்டின் இடப்பக்கம்தான் வலப்பக்கத்தின் மேல் மடிந்திருக்க வேண்டும், மார்புப் பையும் இடப்பக்கம் இருக்க வேண்டும்.

விமானத்தின் மேல் எழுதியிருக்கும் பதிவெழுத்து முழுதாகத் தெரிந்தால் வேலை சுலபம், அந்தக் காலப் பதிவேடுகள் பல இன்றும் கிடைக்கின்றன. பாதி தெரிந்தாலும் வீண் இல்லை. ஜெர்மன் விமானங்களில் 1934 வரை ‘டி’க்குப் பின்னால் எண்கள் இருந்தன, அதன்பின் நான்கு எழுத்துகள் வந்தன. அமெரிக்க விமானத்தில் ‘என்’ எழுத்துக்கு அடுத்து ‘எக்ஸ்’ இருந்தால் சோதனை விமானம். அரிய விமானங்களைத் தேடுகிறவர்களுக்கு அந்த ஓர் எழுத்து பெரிய பரிசு. ஒன்றே ஒன்று மட்டும் செய்துவிட்டுக் கைவிட்ட வடிவமைப்புகள் பல அந்த எழுத்தோடுதான் பறந்தன.

இன்னொன்று, சினிமா. 1920களின் இறுதியில் ஹாலிவுட்காரர்கள் முதல் உலகப் போரின் ஜெர்மன் போர்விமானமான ஃபோக்கர் டி.7 ஆகக் காட்டுவதற்கு ட்ராவல் ஏர் என்ற அமெரிக்க விமானத்தைப் பயன்படுத்தினார்கள். இறக்கை நுனியில் துருத்தி நிற்கும் ஐலரான் இரண்டிலும் ஒன்றுபோல இருந்ததால் அது எடுபட்டது. விச்சிட்டாவில் செய்யப்பட்டது என்பதால் அதற்கு ‘விச்சிட்டா ஃபோக்கர்’ என்றே பெயர் வந்தது. போர்க்காலப் படம் என்று குறிப்போடு ஒன்று கிடைத்து, சின்னங்களும் வண்ணமும் சரியாக இருந்தும் எஞ்சின் மட்டும் பொருந்தவில்லை என்றால் இந்தக் கோணத்திலும் யோசியுங்கள்.

படத்தோடு வரும் குறிப்புகளை ஒரு தகவலாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். யாரோ ஒருவர் போட்ட தவறான பெயரை நூறு பேர் நகலெடுத்திருப்பார்கள், படத்தேடலில் அந்த நூறும் சாட்சி போல வந்து நிற்கும். அக்காலத்திலேயே அச்சானவற்றுக்குப் போவதுதான் நல்லது. 1909இல் தொடங்கிய ஜேன்ஸ் விமான ஆண்டு நூல்கள், பிரான்சின் ‘லேரோஃபில்’ போன்ற பத்திரிகைகள், சான் டியேகோ வான், விண்வெளி அருங்காட்சியகம் இணையத்தில் போட்டிருக்கும் படங்கள் ஆகியவற்றில் எனக்குப் பல மாலைகள் மிகச் சந்தோஷமாகப் போயிருக்கின்றன. பெயர் பொருந்திவிட்டது என்று சொல்ல எனக்கு ஓர் அளவுகோல் உண்டு: இறக்கைகளுக்கு நடுவிலுள்ள கம்பிகள், சக்கரத் தாங்கி, ஜன்னல்களின் எண்ணிக்கை எல்லாவற்றுக்கும் பதில் வர வேண்டும். ஒரு கம்பி இடித்தாலும் ‘இருக்கலாம்’ என்றுதான் எழுதுவேன். ஒரே ஒரு விமானம் மட்டும் செய்யப்பட்டு, அதுவும் அழிந்துபோன நிலையில், படத்தில் நாம் எழுதும் பெயர்தான் அதைப் பற்றி மிச்சமிருக்கும் சொல்லாக இருக்கக்கூடும்.

தொடங்குவதற்கு ஒரே ஒரு தயாரிப்பாளரை எடுத்துக்கொள்ளுங்கள். மாத் குடும்பமே போதும். பஸ் மாத்தையும் லெப்பர்ட் மாத்தையும் இறக்கை வடிவை வைத்துத் தயங்காமல் பிரிக்க முடிந்தால் (லெப்பர்டுக்கு நுனி நோக்கி ஒடுங்கும், பஸ்ஸுக்கு ஒரே அகலம்) அப்புறம் அடுத்த குடும்பத்துக்குப் போகலாம்.

உங்கள் படத்தைக் கேள்வியோடு சேர்த்துப் போடுங்கள். ஓரத்தை வெட்ட வேண்டாம், தெளிவாக்கும் செயலி எதிலும் போட வேண்டாம், அவை இல்லாத கம்பியையும் வரைந்துவிடும். பின்பக்கத்தில் முத்திரையோ பென்சில் எழுத்தோ இருந்தால் அதையும் ஸ்கேன் செய்யுங்கள், சேர்ந்து பார்ப்போம்.