மணல் தரையில் லோபெட் டிரெய்லரைக் கழற்றி மாட்டுவது எப்படி?

கேள்வி: கடலூர் சிப்காட் பக்கம் ஒரு ஹெட் (இழுக்கும் லாரி), இரண்டு லோபெட் டிரெய்லர் (தாழ்வான தளமுள்ள இழுவண்டி) வைத்துப் பொக்லைன் ஏற்றி இறக்கும் தொழில் செய்கிறேன். ஒன்றைக் கழற்றி இன்னொன்றை மாட்டுவது அன்றாட வேலை. வண்டி நிற்கும் இடம் மணல். டிரெய்லரின் முன்கால்கள் புதைகின்றன. திரும்ப மாட்டும்போது டிரெய்லருக்கு அடியில் இருக்கும் கிங் பின் (இணைப்பு முளை) ஹெட்டில் சரியாக விழுவதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் இரண்டு தொல்லையும் தரையிலிருந்துதான் வருகின்றன. கால் புதைந்தால் டிரெய்லரின் மூக்கு, அதாவது முன்பகுதி, தாழ்கிறது. ஒரு கால் மட்டும் புதைந்தால் மூக்கு ஒருபக்கம் சாய்கிறது. அப்படி நிற்கும் டிரெய்லரில் கிங் பின் எப்படி நேராக விழும்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். மூக்கில் 8 டன் பாரம் என்றால் ஒரு காலுக்கு 4 டன். காலின் பாதம் 25-க்கு 25 செ.மீ. என்றால் ஒரு சதுர செ.மீ.க்கு 6 கிலோவுக்கு மேல் அழுத்தம். அதையே 60-க்கு 60 செ.மீ. பலகையின் மேல் ஊன்றினால் 1 கிலோ சொச்சம்தான். மெல்லிய பலகை நடுவில் முறிந்துவிடும். பழைய ரயில்வே கட்டைகளை அடுக்கி மேலே இரும்புத் தகடு போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இது இன்னும் அவசியம். புரட்டாசியில் கல்லாகக் கிடந்த களிமண் தரைகூட ஒரே ராத்திரியில் இளகிவிடும். பொக்லைனை மேலே வைத்துக்கொண்டு டிரெய்லரைக் கழற்றவே வேண்டாம். முதலில் மெஷினை இறக்குங்கள்.

கழற்றும்போது ஹெட்டும் டிரெய்லரும் ஒரே நேர்கோட்டில் நிற்கட்டும். பார்க்கிங் பிரேக் போட்டு, டிரெய்லர் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஏர் பிரேக் பிடித்திருக்கிறதே என்று கட்டையை விட்டுவிடாதீர்கள். காற்று போனாலும் பிடிக்கும் ஸ்பிரிங் பிரேக் இல்லாத டிரெய்லரில் டேங்க் காற்று கசியக் கசியப் பிடி தளர்ந்துவிடும். கால் பலகையைத் தொட்டதும் ஹேண்டிலை மெதுவான கியருக்கு மாற்றி இன்னும் சில சுற்று சுற்றுங்கள். பிறகு ஏர் பைப், கரண்ட் வயர் இரண்டையும் கழற்றி, ஃபிஃப்த் வீல் (ஹெட்டின் மேல் டிரெய்லர் உட்காரும் இணைப்புத் தகடு) லீவரை இழுங்கள். லீவர் வரவில்லை என்றால் சுத்தியலைத் தேடாதீர்கள். கிங் பின்னைக் கவ்வும் தாடையில் இழுவிசை மாட்டியிருக்கிறது. ஹெட்டைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினால் லீவர் தானாக இளகும். ஹெட்டை முன்னே எடுக்கும்போது அதன் சேஸிஸ் டிரெய்லர் மூக்குக்கு அடியில் இருக்கும்போதே நிறுத்தி, இறங்கிக் கால்களைப் பாருங்கள். கால் அமிழ்ந்தாலும் மூக்கு சேஸிஸ்மேல்தான் உட்காரும், தரையில் விழாது.

மாட்டும்போது நடக்கும் தவறுதான் ஆளைக் கொல்லும். டிரெய்லரின் அடித்தகடு ஃபிஃப்த் வீலைவிட ஒரு விரல் கனம் தாழ்ந்திருக்க வேண்டும். ஹெட் உள்ளே நுழையும்போது டிரெய்லரைச் சற்றே தூக்கிக்கொண்டு போக வேண்டும். மூக்கு உயர்ந்திருந்தால் கிங் பின் தாடைக்குள் விழாமல் மேலேறிவிடும். அப்போதும் 'டக்' என்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தை நம்பிக் கிளம்பிய வண்டி முதல் வேகத்தடையிலேயே டிரெய்லரைக் கீழே போட்டதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். மூக்கு அதிகமாகத் தாழ்ந்திருந்தாலோ ஹெட்டை முட்டவிடாமல், முதலில் காலைச் சுற்றி உயர்த்துங்கள். கால் அசையாவிட்டால் ஜாக்கி வையுங்கள். இன்னொன்று: உங்கள் இரண்டு டிரெய்லரிலும் கிங் பின் ஒரே அளவா? 2 அங்குலப் பின்னும் உண்டு, மூன்றரை அங்குலப் பின்னும் உண்டு. மூன்றரை அங்குலத் தாடையில் 2 அங்குலப் பின் நிற்காது.

ஹெட் பின்னே வரும்போது கிளீனர் உட்பட யாரும் நடுவில் நிற்கக் கூடாது. கிங் பின் விழுந்ததும், காற்றுக் குழாய் மாட்டும் முன்பே, சின்ன கியரில் முன்னே லேசாக இழுத்துப் பாருங்கள். இரண்டு தடவை. பிறகு ஹெட்டின் பார்க்கிங் பிரேக்கைப் போட்டுவிட்டு, டார்ச்சோடு அடியில் பாருங்கள். இரு தகடுகளுக்கும் நடுவே வெளிச்சம் தெரியக் கூடாது. தாடை பின்னின் கழுத்தைச் சுற்றி முழுதாக மூடியிருக்க வேண்டும். லீவர் உள்ளே போய்ப் பூட்டியிருக்க வேண்டும்.

அதன் பிறகே டிரெய்லருக்குக் காற்று கொடுக்கும் சிவப்புக் குழாய். அதை மாட்டினால் பல டிரெய்லர்களில் பிரேக் விடுபட்டுவிடும் என்பதால் சக்கரக் கட்டை அப்போதும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். மற்ற குழாயையும் வயரையும் மாட்டி, விளக்கெல்லாம் எரிகிறதா என்று பார்த்து, கால்களை முழுதாக ஏற்றி, ஹேண்டிலைக் கொக்கியில் மாட்டியபின் கட்டையை எடுங்கள்.