உதைபந்தாட்டத்தில் வீஏஆர் (வீடியோ பார்த்து மைதான நடுவருக்கு உதவும் முறை) வந்த பிறகும் பிழையான தீர்ப்புகள் வருகின்றனவே, அதை எடுத்துவிட்டால் என்ன?

எடுக்கக்கூடாது என்பதுதான் என் பதில். ஆனால் இப்போது அதை நடத்துகிற விதத்தில் எனக்குப் பெரிய மனக்குறை இருக்கிறது. அதையும் சொல்லாவிட்டால் என் பதில் பாதியில் நிற்கும்.

நான் மட்டக்களப்பு, கல்லடிப் பக்கம். இங்கிலாந்தின் லிவர்பூல் கழகத்துக்கு நீண்ட கால ரசிகன். ஒரே ஒரு முறை உதவி நடுவராகக் கொடியும் பிடித்திருக்கிறேன். இந்த விஷயத்தில் என் மனதை மாற்றியது அந்த ஒரு நாள்தான்.

எங்கள் பக்கத்துக் கழகங்கள் விளையாடிய ஒரு சிறிய சுற்றுப்போட்டி. வரவேண்டியவர் வரவில்லை, விதி தெரிந்தவன் என்று என்னைக் கோட்டில் நிறுத்திவிட்டார்கள். பின்னேரம் நாலரை மணி, வெயில் வாவிப் பக்கம் சாய்ந்து நேரே கண்ணுக்குள் அடிக்கிறது. கண்ணைக் கடைசி டிஃபெண்டரில் வைத்துக்கொள், பந்து அடிபடும் சத்தத்தைக் காதால் பிடி என்று அனுபவமுள்ள நடுவர் ஒருவர் முன்பு சொல்லித் தந்திருந்தார். அன்றைக்குக் கடல்காற்றில் அந்தச் சத்தம் என் காதுக்கு வரவில்லை. நடுக்களத்தில் இருந்து ஒருவர் உயர்த்தி அடித்ததை நான் உணர்ந்தபோது, ஸ்ட்ரைக்கர் டிஃபெண்டரைத் தாண்டி இரண்டு எட்டு முன்னால் ஓடிக்கொண்டிருந்தார். பந்து அடிபடும் நொடியில் கடைசி டிஃபெண்டரைத் தாண்டி நின்றால் அது ஓஃப்சைட், கோல் செல்லாது. அப்படித்தான் என்று நினைத்துக் கொடியைத் தூக்கினேன். பந்து வலைக்குள் போனது, விசில் ஊதியாயிற்று, கோல் இல்லை. அந்த அணி 1-0 என்று தோற்றது.

முடிந்த பிறகு ஒரு பொடியன் வந்து போனை நீட்டினான். "அண்ணன், இத ஒருக்காப் பாருங்க." மதிலில் ஏறி நின்று எடுத்த வீடியோ. பந்து காலில் படுகிற இடத்தில் விரலால் நிறுத்திக் காட்டினான். ஸ்ட்ரைக்கரின் முழங்காலும் டிஃபெண்டரின் முழங்காலும் ஒரே நேரில் இருந்தன. சண்டை பிடிக்கவில்லை, ஏசவில்லை, காட்டிவிட்டுப் போய்விட்டான். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. கொடி மேலே போன அந்த நொடியில் யாராவது என் காதில் "அது ஓஃப்சைட் இல்லை" என்று சொல்லியிருந்தால் ஆயுள் முழுக்க நன்றியோடு இருந்திருப்பேன். வீஏஆர் என்பது அடிப்படையில் அந்தக் குரல்தான். அது வேண்டாம் என்று சொல்ல என்னால் முடியாது.

அந்தக் குரல் இல்லாத காலத்தையும் பார்த்தவர்கள் நாங்கள். 2010 உலகக் கிண்ணத்தில் இங்கிலாந்தும் ஜெர்மனியும் ஆடிய ஆட்டம், எங்களுக்கு இரவு ஏழரைக்குத் தொடங்கியது. ஜெர்மனி 2-1 என்று முன்னால் இருந்தபோது இங்கிலாந்தின் லாம்பார்ட் அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டுக் கோட்டுக்கு உள்ளே விழுந்து வெளியே வந்தது. ரீவிக்கு முன்னால் இருந்த எல்லாருக்கும் தெரிந்தது, மைதானத்தில் முடிவு சொல்ல வேண்டியவர்களுக்குத்தான் தெரியவில்லை. கடைசியில் ஜெர்மனி 4-1 என்று வென்றது. அது நியாயமா? இரண்டு வருடம் கழித்து, பந்து கோட்டைத் தாண்டியதா என்று காட்டும் கோல்கோட்டுத் தொழில்நுட்பத்துக்கு அனுமதி வந்தது. 2018 உலகக் கிண்ணத்தில் வீஏஆர் வந்தது, 2019-20 பருவத்தில் இங்கிலாந்தின் மேல்நிலைப் போட்டியான பிரீமியர் லீக்குக்கும் வந்தது.

என் அணிக்கு எதிராக வந்தாலும் நான் ஏற்றுக்கொண்ட தீர்ப்பு ஒன்று உண்டு. அதற்கு முன் ஒரு வீரரை வாங்கிய கதையைச் சொல்ல வேண்டும். 2023 ஓகஸ்டில் பிரைட்டன் கழகத்தின் நடுக்கள வீரர் கைசேடோவுக்கு லிவர்பூல் 11 கோடியே 10 இலட்சம் பவுண் கொடுக்கச் சம்மதித்தது. அவர் எங்களுக்கு வர விரும்பவில்லை, 11 கோடியே 50 இலட்சம் வரை போகக்கூடிய ஒப்பந்தத்தில் செல்சிக்குப் போனார். அதே இடத்துக்கு நாங்கள் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் கழகத்தில் இருந்து முப்பது வயது ஜப்பான்காரர் எண்டோவை அதில் ஏழில் ஒரு பங்குக் காசுக்கு வாங்கினோம். இங்கே நண்பர்கள் எல்லாருக்கும் கோபம். எனக்கு இல்லை. தேவையான இடத்துக்குத் தேவையான ஆளை எடுப்பதுதான் நல்ல வியாபாரம், விலையைப் பார்த்து வீரரை மதிப்பது பிழை என்பது என் கட்சி.

2024 பெப்ரவரியில் இங்கிலாந்தின் லீக் கிண்ண இறுதிப்போட்டியில் அந்த இரண்டு பேரும் எதிரெதிராக ஆடினார்கள். முதல் பாதியில் செல்சியின் ஸ்டெர்லிங் அடித்த கோலை ஓஃப்சைட் என்று வீஏஆர் எடுத்தது. இரண்டாம் பாதியில் எங்கள் வான் டைக் தலையால் முட்டிக் கோல் போட்டார். நான் கதிரையை விட்டு எழும்பிக் கத்தி, பக்கத்து வீட்டு நாயும் குரைத்து முடிந்த பிறகு பார்த்தால், நடுவர் மைதான ஓரத்து வீடியோத் திரைப் பக்கம் ஓடுகிறார். ஓஃப்சைட் இடத்தில் நின்ற எண்டோ, பந்தைத் தொடாமலே செல்சியின் கொல்வில்லை மறித்திருந்தார். கோல் இல்லாமல் போனது. அந்த நேரம் நெஞ்சு எரிந்தது உண்மை. ஆனால் மூன்றாம் தரம் பார்த்தபோது எனக்கே தெரிந்தது, கொல்வில்லை விட்டிருந்தால் அவர் வான் டைக்கிடம் போயிருப்பார். விதிப்படி தீர்ப்புச் சரி. பிறகு மேலதிக நேரத்தில், 118ஆவது நிமிடத்தில், அதே வான் டைக் அதே போல் முட்டினார். கிண்ணம் எங்களுக்கு. யாரும் குறை சொல்ல முடியாத கோல். அந்த நிம்மதியைத் தந்ததும் வீஏஆர்தான்.

இனி மனக்குறைக்கு வருகிறேன். 2023 செப்டெம்பர் 30, டொட்டன்ஹாமோடு ஆட்டம். இங்கே இரவு பத்து மணி. 0-0 என்று இருக்கும்போது லூயிஸ் டியாஸ் கோல் போட்டார், கொடி உயர்ந்தது. தனி அறையில் இருக்கும் வீஏஆர் நடுவர் வீடியோவில் பார்த்தார். பார்த்தவருக்கு டியாஸ் ஓஃப்சைட் இல்லை என்று சரியாகவே தெரிந்தது. ஆனால் மைதானத்தில் கோல் கொடுத்துவிட்டார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார். அதனால் "பார்த்தாயிற்று, சரி" என்ற பொருளில் சொல்லிவிட்டார். மைதான நடுவருக்கோ அது "ஓஃப்சைட் சரி" என்று கேட்டது. ஃப்ரீகிக் எடுத்து ஆட்டம் தொடங்கியது. வீடியோவை இயக்குகிற ஆள்தான் பிழையைக் கண்டுபிடித்து நிறுத்தச் சொன்னார், ஆனால் ஆட்டம் மீண்டும் தொடங்கிவிட்டால் திரும்பிப் போக விதியில் இடமில்லை. 2-1 என்று தோற்றோம், அதுவும் கடைசி நிமிடத்தில் எங்கள் மாட்டிப்பின் காலில் பட்டு எங்கள் வலைக்குள்ளேயே போன கோலில்.

மூன்று நாள் கழித்து அந்த ஒலிப்பதிவை வெளியிட்டார்கள். இரவு விளக்கை அணைத்துவிட்டு ஹெட்போனில் நாலைந்து தரம் கேட்டேன். அதில் கமெராவில் பிழையில்லை, கோட்டிலும் பிழையில்லை. "மைதானத் தீர்ப்பு என்ன?" என்ற ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். அது எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம்.

பிரீமியர் லீக்கின் காசைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2022 கட்டார் உலகக் கிண்ணத்திலேயே பாதித் தானியங்கி ஓஃப்சைட் முறை இருந்தது. கூரைக்குக் கீழே 12 கமெரா, ஒவ்வொரு வீரரின் உடம்பிலும் 29 புள்ளிகள், பந்துக்குள் விநாடிக்கு 500 தரம் தகவல் அனுப்பும் கருவி. பிரீமியர் லீக்கில் அந்த முறை தொடங்கியது 2025 ஏப்ரலில். அதுவரை ஒருவர் படத்தை நிறுத்தி, கையால் புள்ளி வைத்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். விநாடிக்கு 50 படம் என்றால், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் வேகமாக ஓடுகிற ஆள் ஒரு சாண் நகர்ந்துவிடுவார். அப்படியிருக்க இரண்டு விரற்கடை ஓஃப்சைட் என்று எத்தனையோ கோலை அழித்தார்கள். ஒரு வீரருக்கு 10 கோடி பவுண் கொடுக்கக் கழகங்களுக்கு வழி இருந்தது. இதற்கு இவ்வளவு காலம் எடுத்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

2024 ஜூனில் வோல்வ்ஸ் கழகம் வீஏஆரை எடுத்துவிடச் சொல்லி வாக்கெடுப்புக் கொண்டுவந்தது. 19-1 என்று தோற்றது. அவர்கள் கோபம் எனக்கு விளங்கும், ஆனாலும் அந்த 19 பேரின் பக்கம்தான் நான்.

சரி, என்ன செய்யலாம்? கையில் பட்டது, தள்ளிவிட்டது போன்ற அபிப்பிராய விஷயங்களில் பெரிய பிழை இல்லையென்றால் மைதான நடுவரின் சொல்லே நிற்கட்டும். மெதுவாக ஓட்டிப் பார்த்தால் எல்லா மோதலும் குற்றமாகத்தான் தெரியும். அதைவிட முக்கியம், பேசுவது எங்களுக்குக் கேட்க வேண்டும்.

கிரிக்கெட்டைப் பாருங்கள். எங்கள் வீட்டில் அம்மாவுக்கு விதி முழுக்கத் தெரியாது. ஆனாலும் இலங்கை ஆடும்போது மூன்றாவது நடுவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பா. மைதானத் தீர்ப்பு இன்னது என்று அவர் முதலில் சொல்கிறார். பிறகு நோபோல், துடுப்பில் பட்டதா, விக்கெட்டில் படுமா என்று ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லி, கடைசியில் "உங்கள் தீர்ப்பு நிற்கட்டும்" அல்லது "மாற்றுங்கள்" என்கிறார். நடுவர் கையைத் தூக்குவதற்கு முன்னமே அம்மா "இது அவுட் மனே" என்று சொல்லிவிடுவா. டியாஸின் கோலில் இல்லாமல் போனது அந்த முதல் வரிதான். மைதானத் தீர்ப்பை ஒருவர் வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அந்த அறைக்குள் இருந்த யாராவது உடனே திருத்தியிருப்பார்கள்.

2023 பெண்கள் உலகக் கிண்ணத்தில் நடுவர்கள் முடிவை மைக்கில் அறிவித்தார்கள். 2025 ஜனவரியில், லீக் கிண்ண அரையிறுதியில், இங்கிலாந்திலும் முதல் தரம் அப்படிச் சொன்னார்கள். அன்றைக்கும் டொட்டன்ஹாமும் லிவர்பூலும்தான் ஆடின. இது நல்ல தொடக்கம், ஆனால் முடிவை மட்டும்தான் சொல்கிறார்கள். அந்த அறையில் நடக்கும் பேச்சை நேரடியாக விட வேண்டும், பேச்சின் முதல் வசனம் "மைதானத் தீர்ப்பு இன்னது" என்று இருக்க வேண்டும். வீஏஆரை எடுங்கள் என்று கேட்கிறவர்கள் இதைக் கேளுங்கள் என்பதே என் வேண்டுகோள்.